மைனஸ் அக்கா

"பத்துக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டு அக்கா உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். குனிந்து கால் விரல்களைப் பார்ப்பார். முகம் பொய் சொல்லும், வாய் சொல்லவே வேண்டாம், கால் கட்டைவிரலுக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது என்பது அவருடைய கட்சி. வலி உண்மையாக இருந்தால் விரல்கள் மடங்கிச் செருப்பின் வாரைக் கவ்விக்கொள்ளுமாம். பார்த்துக்கொண்டே ஒரு கையால் நாடியைப் பிடிப்பார், மறு கையால் துண்டுச் சீட்டில் நீங்கள் சொன்ன எண்ணைப் பேனாவால் எழுதுவார். பிறகு காதோரம் செருகியிருக்கும் பென்சிலை உருவி, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு எண் போடுவார். மேலே இருப்பது நீங்கள் சொன்னது. கீழே இருப்பது அக்கா நம்பியது.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில், உள்ளே போகும் கதவுக்கும் பெஞ்சுகளுக்கும் நடுவே ஒரு மேசை. அக்கா அதில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. காலை ஏழு மணிக்கு வந்தால் மூன்று மணி வரை அந்த நாற்காலிதான். யார் முதலில் உள்ளே போவது, யார் காத்திருப்பது என்பதை அவர் முடிவு செய்வார். சிவப்பு அட்டை கொடுத்தால் நேரே கட்டில். மஞ்சள் என்றால் அரை மணிக்குள். பச்சை என்றால் வீட்டுக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்று சொல்லிவிடுவது நல்லது. அட்டையின் நிறத்தைத் தீர்மானிப்பது பென்சில் எண்தான். "அவங்க சொன்னது இருக்கட்டும், அக்கா என்ன போட்டிருக்காங்க?" என்று டாக்டர்களே கேட்பார்கள்.

பென்சில் எண் பெரும்பாலும் பேனா எண்ணைவிடச் சின்னதாக இருக்கும். அதனால்தான் மைனஸ் அக்கா. பெயர் வைத்தவர் எக்ஸ்ரே அறைக்காரர். வேறு யாராவது என்றால் சண்டைக்குப் போயிருப்பார்கள், அக்காவோ அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார். புதிதாக வரும் நர்சுகளுக்குத் தன் கணக்கை ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பார். "சத்தம் போட்டா ரெண்டு கழிச்சுக்கோ. கூட வந்தவங்களும் சேர்ந்து அழுதா இன்னொண்ணு. உயிர் போகுதுன்னு சொன்னா அதுக்கு ஒண்ணு. உயிர் போறவங்க அதைச் சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?"

இதைக் கேட்டு, கல் நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்காமல் யார் நெஞ்சிலும் வைக்க மாட்டார். தினமும் காலையில் மூன்று பென்சில்களைப் பிளேடால் சீவி வைப்பார். ஷார்ப்னரில் சீவினால் மரம் அழுகிறதாம். காபி, டீ கிடையாது, பிளாஸ்கில் வெந்நீர்தான். சுவரில் நாள்காட்டி ஒரு விரல்கடை சாய்ந்திருந்தாலும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய் நேராக்குவார். குழந்தைகளிடம் எண் கேட்பதில்லை. "எங்க வலிக்குதுன்னு என் கையில தொட்டுக் காட்டு" என்று தன் முழங்கையை நீட்டுவார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கணக்கு பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஒருமுறை ஒரு பெரியவர், மகள் வீட்டுக்கு வந்த விருந்தாளி போலக் கூச்சத்தோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, "லேசா நெஞ்சுல ஏதோ அடைக்கிற மாதிரி, ரெண்டு இருக்கும்" என்றாராம். அக்கா பென்சிலால் எட்டு போட்டார். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினார். ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று இதய டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். இந்தக் கதை ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். ஆக, அக்காவிடம் கூட்டலும் உண்டு. கழித்தலுக்குப் பெயர் வைத்தவர்கள் கூட்டலைக் கண்டுகொள்ளவில்லை. அக்காவும்தான்.

சத்தம் போடாதவர்களை அவருக்குப் பிடிக்கும், அவர்களுக்குக் கை தானாகவே இரண்டு கூட்டிவிடும். காரணம் வீட்டில் இருக்கிறது. அப்பா கல்லூரி முதல்வர். மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது, கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொன்ன மனிதர். அம்மா மூன்று பிள்ளை பெற்றார், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை என்பது அந்த வீட்டின் குலப்பெருமை. அக்காவின் அத்தைகளும் சித்தப்பாக்களும் கூடினால் இன்னும் அந்த மணிக்கட்டைப் பற்றிப் பேசுவார்கள். "நாங்க கத்துற ஆளுங்க இல்ல" என்று அக்கா சொல்லும்போது அவர் குரல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து போகும்.

வாழ்க்கைப்பட்டதோ நேர் எதிரான இடத்தில். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருடைய அம்மா சந்தையில் காய்கறிக் கடை வைத்து நாலு பிள்ளைகளை ஆளாக்கியவர். அந்த வீட்டில் யாருக்காவது தலைவலி என்றால் மூன்று வீடு தள்ளித் தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் கணவர் பல்வலியில் போட்ட கூச்சலைக் கேட்டு, அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடியிருக்கிறார். பார்த்தால் ஒரு கடைவாய்ப்பல்லில் சின்னச் சொத்தை. அன்றிலிருந்து வீட்டில் நிலையான கழிவு நாலு. அவர் எட்டு என்று அலறினால் அக்கா வெந்நீர் வைக்கப் போவார், அவ்வளவுதான்.

இப்படியே ஓய்வு பெற்றிருக்கலாம். பஸ் டிப்போவில் வண்டி கழுவும் அந்தப் பெண் வராமல் இருந்திருந்தால்.

காலை ஒன்பது பத்து. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நனைந்த சீருடை, இரண்டு பக்கமும் கூட வேலை செய்யும் பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். வயது இருபத்தாறு. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட கூச்சலில் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். வலி தொடங்கி இருபது நிமிடம்தான் ஆகிறது என்று சொல்லிக்கொண்டே கூட வந்தவர்களும் ஆளுக்கொரு பக்கம் அழுதார்கள். உயிர் போகிறது என்றாள். அக்கா வழக்கம்போலப் பத்துக்கு எத்தனை என்று கேட்டார். "பன்னெண்டுன்னு போட்டுக்குங்க" என்று கத்தினாள் அவள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பேனாவால் பத்து எழுதினார். கால் விரல்களைப் பார்க்கக் குனிந்தால் பூட்ஸ். பென்சிலை எடுத்து, சத்தத்துக்கு இரண்டு, கூட அழுததற்கு ஒன்று, உயிருக்கு ஒன்று, பன்னிரண்டு என்று சொன்ன கொழுப்புக்கு ஒன்று என்று கழித்து ஐந்து போட்டார். பச்சை அட்டை.

ஐந்து நிமிடம் கழித்து வயதான ஒருவர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மருத்துவச் சீட்டுகளை வருஷவாரியாக அடுக்கிய கண்ணாடிக் கோப்பு. வயிற்றில் வலிதான் அவருக்கும். "நாலு இருக்கலாம். உங்களுக்குச் சிரமம் குடுக்கணும்னு இல்ல" என்றார் தணிந்த குரலில். அவரும் வார் கட்டிய ஷூ போட்டிருந்தார். அக்கா மேசையைச் சுற்றி வந்து, மண்டியிட்டு, இரண்டு ஷூக்களையும் தானே கழற்றி விரல்களைப் பார்த்தார். நாலோடு மூன்றைக் கூட்டி ஏழு போட்டார். மஞ்சள் அட்டை. உள்ளே போன பெரியவர் டாக்டரின் கட்டிலில் ஏறிப் படுத்து, நீளமாக ஓர் ஏப்பம் விட்டு, இப்போது பரவாயில்லை என்றாராம். ஆனாலும் விடுவார்களா, ரத்தம், ஸ்கேன் என்று எல்லாம் எடுத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

நடுவில் இரண்டு சிவப்பு வந்தது. பத்தே முக்காலுக்கு டிப்போப் பெண்ணின் கூச்சல் நின்றது. சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கா தலை நிமிர்ந்து பார்த்து, "அப்பாடா, குறைஞ்சிடுச்சு" என்று நினைத்தார். அமைதியானவர்களுக்கு ஆயுள் முழுக்க இரண்டு கூட்டி வந்த மனுஷி, அந்த அமைதிக்கு மட்டும் எதையும் கூட்டவில்லை. பதினொரு மணிக்கு வேறு வேலையாக வெளியே வந்த டாக்டர் ஒருவர் அவள் உதட்டின் நிறத்தைப் பார்த்து நின்றார். அப்புறம் ஓட்டம்தான்.

சினைப்பை ஒன்று முறுக்கிக்கொண்டு ரத்தம் போகாமல் கறுத்துவிட்டது. அதை எடுத்துவிட்டார்கள். இன்னொன்று நன்றாக இருக்கிறது, குழந்தை பிறக்கத் தடை இல்லை என்று சொன்னார்கள். ஏன் தாமதம் என்று யாரும் அக்காவைக் கேட்கவில்லை. அவசரப் பிரிவில் கூட்டம் என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். அது எப்போதும் எழுதுவது. அன்று பெஞ்சில் இருந்தது மொத்தம் ஆறு பேர்.

யாரும் கேட்காததற்கு அக்காவாகவே பதில் சொல்ல ஆரம்பித்தார். "பூட்ஸ் போட்டிருந்தா. விரல் தெரியல" என்று தலைமை நர்சிடம் சொன்னார். எக்ஸ்ரே அறைக்காரரிடம் சொன்னார். மூன்றாவதாக வீட்டில் கணவரிடம் சொல்லத் தொடங்கியபோது, காலையில் மண்டியிட்டுத் தான் அவிழ்த்த ஷூ வார் நினைவுக்கு வந்தது. பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அன்று கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார் என்று கணவர் பின்னால் சொன்னார்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனார். எப்படி இருக்கிறாள் என்று பார்க்க என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பெண்ணின் கட்டில் பக்கத்தில் அவளுடைய மாமியார் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வாய் ஓயவில்லை. முன்னாடியே கிளம்பிப் போயிருந்தால் ஒன்று போயிருக்காது என்று டாக்டரே சொன்னாராம். சரியான நேரத்துக்குப் போகாமல் வண்டி கழுவிக்கொண்டு நின்றவள், நாளைக்குக் குழந்தை இல்லை என்றால் யாரைக் கேட்பது என்றார். அந்தப் பெண், அவர் உரித்த சுளைகளை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். வலி தொடங்கிய இருபதாவது நிமிடம் அவள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டாள் என்பது அந்த அறையில் அவளைத் தவிர அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருக்கலாம். கட்டில் சட்டத்தில் மாட்டியிருந்த வெப்பநிலை அட்டையைப் படிப்பது போல நின்றுவிட்டு அக்கா திரும்பி வந்தார்.

அவருக்கே அவர்மேல் எரிச்சல் வந்தது. கூடவே ஒரு குறுகுறுப்பு. பத்தொன்பது வருஷம் கழித்தேனே, எத்தனை முறை சரியாகக் கழித்தேன்? மதியம் குப்பைக்குப் போகும் துண்டுச் சீட்டுகளைக் காலியான கையுறை அட்டைப்பெட்டியில் போட்டுவைக்க ஆரம்பித்தார். மூன்று மணிக்கு எல்லாரும் கிளம்பிய பிறகு வார்டு வார்டாகப் போய், அவருக்கு என்ன, இவருக்கு என்ன, ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று விசாரித்தார். "அக்கா துப்பறியுறாங்க" என்று கேலி செய்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். உண்மையில், தான் சரி என்று நிரூபிக்கத்தான் இதைத் தொடங்கினார். நிரூபித்துவிட்டால் வார்டுக்குப் போய் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

வீட்டில் பழைய டைரி ஒன்றில் கோடு போட்டார். நோயாளி சொன்னது, தான் போட்டது, கடைசியில் என்ன ஆயிற்று என்று மூன்று பத்திகள். முதல் வாரத்திலேயே மூன்று போதாது என்று தெரிந்தது. ஏதோ ஒன்று விட்டுப்போகிறது. நான்காவதாக ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்குத் தலைப்பு கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். "அமைதி" என்று எழுதினார். அழித்தார். "படித்தவர்" என்று எழுதினார். அதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் "நம்ம மாதிரி" என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். இருபத்து மூன்று வருஷமாகக் கூடவே வாழும் கணவர் அந்தப் பத்தியில் வருவாரா என்று யோசித்தார். பக்கத்து அறையில் அவர் போனில் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

ஐந்து வாரம். இருநூற்றுப் பத்துச் சீட்டுகள். சத்தம் போட்டதற்காகக் கழிக்கப்பட்டவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு அவர்கள் சொன்ன வலி நிஜம். இதை அக்கா எப்படியோ விழுங்கிக்கொண்டார். ஐந்தில் மூன்று சரிதானே என்று ஒரு பொழுது சமாதானம்கூடச் சொல்லிக்கொண்டார். அதற்கப்புறம்தான் வேறொன்று கண்ணில் பட்டது. கட்டட வேலைக்காரர் ஒருவர் மூச்சுவிடாமல், முனகாமல் உட்கார்ந்து ஐந்து என்று சொல்லியிருக்கிறார். அமைதியானவர்தான், கணக்குப்படி இரண்டு கூட்ட வேண்டும். அக்கா மூன்று போட்டிருந்தார். ஓரத்தில் "சும்மா லீவு சீட்டுக்காக" என்று குறிப்பு வேறு. விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது.

புரட்டினார். கல்லூரிப் பேராசிரியரின் மனைவி ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறார். அவருக்குக் கழிக்கவே இல்லை, இரண்டு கூட்டியிருந்தார். அந்தக் காலை அக்காவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இவ்வளவு நல்ல குடும்பத்துப் பெண் இப்படிக் கத்துகிறாள் என்றால் நிஜமாகவே தாங்க முடியாத வலியாகத்தான் இருக்கும் என்று நினைத்து அவசரமாக மஞ்சள் அட்டையை எடுத்தது வரை. அவருக்குக் காலில் தசைப்பிடிப்பு. அக்கா டைரியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அமைதிக்குக் கூட்டவில்லை, சத்தத்துக்குக் கழிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாகத் தான் அளந்தது சத்தத்தையே இல்லை. நான்காவது பத்தியைத்தான் அளந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. வெறும் கூச்சம் இல்லை, உச்சந்தலை சூடாகிற வெட்கம்.

கணவரிடம் டைரியைக் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். அக்கா எதிர்பார்த்தது போல ஆச்சரியப்படவில்லை. சின்ன வயதில் தன் பாதத்தில் தகரம் வெட்டிய கதையைச் சொன்னார். அக்கா நூறு தடவை கேட்ட கதை. குடும்பம் கூடும்போதெல்லாம் சிரிப்பதற்காகச் சொல்வது. ஏழு வயசு, அம்மா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு இலவச ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நடைபாதையில் நூறு பேர். பயத்தில் இவருக்கு அழுகையே வரவில்லை. அம்மா தொடையைப் பிடித்துக் கிள்ளினார்.

"கத்துடா, கத்தினாத்தான் திரும்பிப் பாப்பாங்கன்னு கிள்ளிக்கிட்டே இருந்தாங்க" என்றார் கணவர். "தையல் போட்டதுகூட மறந்துபோச்சு. கிள்ளினது மறக்கல."

இத்தனை வருஷமும் அந்தக் கதையின் இந்த இடத்தில் அக்கா சிரித்திருக்கிறார். இந்தக் குடும்பமே இப்படித்தான், இல்லாததை ஊதிப் பெருக்குவார்கள் என்பதற்கு அதுதான் அவர் சாட்சி. இன்று சிரிப்பு வரவில்லை. கத்தினதும் திரும்பிப் பாத்தாங்களா என்று கேட்டார். பார்த்தார்கள், ஒரு நர்சு வந்து சத்தம் போடாதே என்று அதட்டிவிட்டு உள்ளே கூட்டிப் போனார் என்றார் கணவர். அதட்டினாலும் கூட்டிப் போனார் அல்லவா, அம்மாவுக்கு அது போதும்.

அன்று வெகுநேரம் அக்காவின் மனசு அப்பாவின் மணிக்கட்டிலேயே நின்றது. அப்பா கத்தவில்லை, உண்மை. ஆனால் அவர் புருவத்தை உயர்த்தினார். அம்மா போனை எடுத்தார். கால் மணி நேரத்தில் எலும்பு டாக்டர், அப்பாவின் பழைய மாணவர், பையோடு வீட்டுக்கே வந்து, "என்ன சார் நீங்க, உடனே சொல்லக்கூடாதா" என்று கோபித்துக்கொண்டார். டாக்டர் வந்த இந்தப் பகுதி அத்தைகள் சொல்லும் கதையில் வராது. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதை யாராவது கதையில் சேர்ப்பார்களா, அதுபோலத்தான். பொறுமை என்று தான் பெருமைப்பட்டதில் பாதி, கூப்பிட்டால் வர ஆள் இருந்ததுதான் என்று அக்காவுக்குத் தோன்றியது. அப்பாமேல் இருந்த பிரியம் குறையவில்லை. கோபம்கூட இல்லை. அவர் உயிரோடு இருக்கும்போது இதைக் கேட்க முடியாமல் போய்விட்டதே என்றுதான் இருந்தது.

மறுநாள் மேசையில் பென்சிலைக் காதில் செருகாமல் இழுப்பறையில் போட்டார். இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். எல்லாரும் பத்து என்றார்கள், எல்லாருக்கும் மஞ்சள் கொடுத்தார், உள்ளே டாக்டர்கள் கத்தினார்கள். மூன்றாம் நாள் பென்சில் மறுபடி காதுக்கு வந்துவிட்டது. கழிக்காமல் அந்த வேலையைப் பார்க்க முடியாது, எப்படிக் கழிப்பது என்றும் இப்போது தெரியவில்லை. ஒரு மாற்றம் மட்டும் நிலைத்தது. யாராக இருந்தாலும் ஷூவைக் கழற்றுகிறார். சேறு அப்பிய பூட்ஸ் என்றாலும் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுகிறார். "முட்டி தேயுது, எனக்கே இப்ப ஆறு" என்று தலைமை நர்சிடம் புலம்பியிருக்கிறார்.

வார்டில் சொல்லாத வார்த்தை மட்டும் அப்படியே இருந்தது. அந்தப் பெண் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டாள். விலாசம் கணினியில் இருக்கிறது. இன்றைக்கு, நாளைக்கு என்று அக்கா தள்ளிப்போட்டார். சொன்னால் விசாரணை வரலாம், ஓய்வூதியம் நிற்கலாம் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, மைனஸ் அக்கா தப்பாகக் கழித்தார் என்று அந்தக் கட்டடம் முழுக்கப் பேசுமே என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. இதையும் பின்னால் அவரே சொன்னார், மறைக்கவில்லை.

ஆறாவது வாரம் அவளே வந்தாள். தையலைக் காட்ட வந்தவள், போகும்போது அக்காவின் மேசைக்கு வந்தாள். சீருடை இல்லை, தலை வாரிப் படிய வைத்திருந்தாள், அன்றைக்குக் கத்திய பெண் இவள்தானா என்று சந்தேகம் வரும்படி மெதுவாகப் பேசினாள். அன்றைக்கு ரொம்பக் கத்திவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள் என்றாள்.

"ஒரு உதவி வேணும் மேடம். நான் அன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தேன்னு ஒரு சீட்டுல எழுதித் தருவீங்களா? நான் லேட்டா வந்ததாலதான் இப்படி ஆச்சுன்னு வீட்ல தினமும் சொல்றாங்க. எனக்கே இப்ப டவுட்டா இருக்கு. லேட்டாத்தான் வந்தேன்னா சொல்லிடுங்க, ஏத்துக்கிறேன்."

அக்கா கணினியில் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இல்லை. துண்டுச் சீட்டு போதாது என்று ஆஸ்பத்திரியின் பெயர் அச்சிட்ட முழுத் தாளை எடுத்தார். தேதி போட்டார். காலை ஒன்பது பத்துக்கு வந்தார் என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருந்தால் அவள் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள், மாமியாரின் வாயும் அடைபட்டிருக்கும், மேசையும் மேசையாக இருந்திருக்கும். அக்காவின் பேனா அங்கே நின்றது உண்மை. அப்புறம் அடுத்த வரியை எழுதியது. பத்துக்குப் பன்னிரண்டு வலி என்று சொன்னார். அதை நம்பாமல் ஐந்து என்று குறித்து, பதினொரு மணி வரை காத்திருக்க வைத்தது நான். கீழே முழுக் கையெழுத்து, பணி எண்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் வரியில் முகம் மலர்ந்தது. இரண்டாவது வரியைப் படித்துவிட்டு, மறுபடி மேலே இருந்து படித்தாள்.

"கூட்டம்னு சொன்னாங்களே."

"கூட்டம் இல்லம்மா" என்றார் அக்கா. "நான் உன்னை நம்பல."

அவள் கத்தினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அன்று கத்தியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆறு வாரம் வீட்டில் தலை குனிந்து வாங்கிய ஒவ்வொரு சொல்லையும் திருப்பி எறிந்தாள். என் வயித்துல இருந்ததை நீ எப்படிக் கழிப்பே என்று கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். எக்ஸ்ரே அறைக் கதவு திறந்தது. உள்ளே இருந்து ஒரு டாக்டர் எட்டிப் பார்த்தார். அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றி வெளியே வந்து, அவளுக்கு எதிரில் போய் நின்றார்.

வாசலில் இருந்த செக்யூரிட்டி லத்தியோடு ஓடிவந்து, "ஏம்மா, சத்தம் போடாதே, வெளிய வா" என்று அவள் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினார். அக்கா அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே, உள்ளங்கையை விரித்து அவரை அங்கேயே நிறுத்தினார்.